பேய் மாறிச்சு, பேரு மாறல... பயம் எங்க போச்சு? - ‘முனி’ முதல் ‘காஞ்சனா 3’ வரை!

2019 ஏப்ரல் 19, புனித வெள்ளி. முந்தின நாள்தான் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிஞ்சிருந்தது. வீட்டில் பெரியவங்க விரலில் மை இன்னும் அப்படியே இருந்தது. லீவுக்கு திருவிடந்தையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்த நாங்க, அவரையும் சேர்த்து ஆறு பேர், மூணு பைக்கில் கோவளம் - கேளம்பாக்கம் ரோடு வழியா ஓ.எம்.ஆர் பக்கம் ஒரு தியேட்டருக்குக் கிளம்பினோம். படம், ‘காஞ்சனா 3’. ரிலீஸான முதல் நாள், சாயங்காலக் காட்சி.

பெரியப்பா சினிமாவுக்கு வர்றதே அபூர்வம். ஈ.சி.ஆரில் ஒரு பீச் ஹவுஸுக்கு வாட்ச்மேன் அவர். அன்னைக்கு நைட் டியூட்டியை இன்னொருத்தரோட மாத்திக்கிட்டு வந்திருந்தார். காரணம், 2011-ல் வந்த ‘காஞ்சனா’. அதைப் பார்த்துட்டு அவர் அழுத கதை எங்க சொந்தத்தில் ரொம்பப் பிரபலம். “பேய்ப் படம் பார்த்துட்டு அழுத ஒரே ஆம்பள எங்க வீட்டுலதான் இருக்காரு” என்று பெரியம்மா இன்னைக்கும் கிண்டல் பண்ணுவாங்க.

‘காஞ்சனா 3’ இடைவேளை வர்றதுக்கு முன்னாடியே பெரியப்பா தூங்கிட்டார். தியேட்டரே அதிர்ற சவுண்டில், ஸ்பீக்கருக்குப் பக்கத்து சீட்டில், குறட்டை!

அதே ராகவா லாரன்ஸ். அதே கோவை சரளா. அதைவிடப் பெரிய பட்ஜெட், அதைவிட அதிக கிராஃபிக்ஸ். ஒரே சீரிஸில் ஒரு படத்துக்கு அழுத மனுஷன், இன்னொரு படத்துக்கு ஏன் தூங்கினார்? கொஞ்சம் பொறுமையா உட்கார்ந்து யோசிச்சா, பேய்ப் பட சீக்வெல்கள் எங்கே சறுக்குதுங்கிற விஷயம் மொத்தமும் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கு. (நாலு படத்தோட கதையும் கீழே வருது. இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்துடுங்க மக்களே!)

தோத்த படம் இல்ல... ஏமாத்துன படம்!

முதல்லயே ஒண்ணு சொல்லிடணும். ‘காஞ்சனா 3’ வசூலில் தோத்த படம் கிடையாது. கோடை விடுமுறை, தொடர்ந்து லீவு நாள்கள், குழந்தைகளோட வந்த குடும்பங்கள் என்று தியேட்டர்கள் நிரம்பின. அதனால், ‘ஏமாற்றம்’ என்று சொல்றது கல்லாப்பெட்டியை வெச்சு இல்ல. வெளியே வந்தவங்க முகத்தை வெச்சு. “சிரிப்பா இருந்துச்சு, டைம்பாஸ்” என்றவங்க உண்டு. “பயமா இருந்துச்சு” என்று சொன்னவங்களைத் தேடணும். “மனசை என்னமோ பண்ணிடுச்சு” என்று சொன்ன ஒருத்தரைக்கூட எங்க கேங்கில் பார்க்க முடியல.

ஆனா, இந்த சீரிஸ் ஆரம்பிச்சதே அந்த ‘என்னமோ பண்ணிடுச்சு’ங்கிற இடத்தில்தான்.

ஒரு சின்ன ரீகேப்

2007-ல் ‘முனி’. இருட்டைக் கண்டாலே அலறுற கணேஷாக லாரன்ஸ். குடியேறின புது வீட்டில் முனியாண்டியோட ஆவி இருக்கு. முனியாண்டியாக ராஜ்கிரண். ஏழை மக்களுக்காக ஒரு அரசியல்வாதியை நம்பி, அவனாலேயே கொல்லப்பட்ட மனுஷன். பயந்தாங்கொள்ளி உடம்புக்குள்ள அந்தப் பெரிய மனுஷனோட ஆவி புகுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

2011 ஜூலையில் ‘முனி 2: காஞ்சனா’. ஹீரோ பெயர் இப்போ ராகவா. கிரிக்கெட் ஆடப் புது கிரவுண்டு தேடிப் போறாங்க. மண்ணில் ஊன்றின ஸ்டம்ப்பில் ரத்தம் ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வருது. மண்ணுக்குள்ள இருந்தது காஞ்சனா என்ற திருநங்கை. வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, ஒரு முஸ்லிம் பெரியவரோட அரவணைப்பில் வளர்ந்தவர். தன்னை மாதிரியே துரத்தப்பட்ட கீதாவை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறார். அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறார். காஞ்சனாவாக சரத்குமார்.

2015 ஏப்ரலில் ‘காஞ்சனா 2’. டி.ஆர்.பி-க்காகப் பேய் ஷோ எடுக்க, ஒரு டி.வி சேனல் டீம் கடற்கரை பங்களாவுக்குப் போகுது. மணலில் புதைஞ்சு கிடந்த தாலி கையில் சிக்குது. அதுக்குப் பின்னால் கங்கா என்ற மாற்றுத்திறனாளிப் பெண்ணோட கதை. கங்காவாக நித்யா மேனன்.

2019 ஏப்ரலில் ‘காஞ்சனா 3’. தாத்தா வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோட கிளம்பும் ராகவா, வழியில் ஒரு மரத்தடியில் நிக்குறார். மரத்தில் அடிச்சிருந்த ஆணிகளைப் பிடுங்கினதும் ஆவி வெளியே வருது. அந்த ஆவி காளி. ஆதரவற்றவங்களைப் பார்த்துக்கிட்டவர், அதிகாரத்தில் இருக்கிறவங்களால் கொல்லப்பட்டவர். காளியாக... மறுபடியும் லாரன்ஸ்!

ஸ்டம்ப், தாலி, ஆணி. பொருள்தான் மாறுது, பூட்டு ஒண்ணுதான். இது தப்பு இல்ல. சீரிஸ் என்றாலே ஒரு டெம்ப்ளேட் இருக்கும். சொல்லப்போனா ரசிகன் காசு கொடுக்கிறதே அந்த டெம்ப்ளேட்டுக்குத்தான். அப்போ பிரச்னை எங்கே?

கத்தி தூக்குற சைக்கோவும் நம்ம ஊர்ப் பேயும்

இதைப் புரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம். முகமூடி போட்ட ஒருத்தன், கையில் கத்தி, ஒவ்வொருத்தரா கொல்லுவான். இந்த வகைப் படங்களுக்கு ‘ஸ்லாஷர்’ என்று பேர். 1978-ல் ஜான் கார்பென்டர் இயக்கின ‘ஹாலோவீன்’தான் இந்த வகையைப் பெரிய ஃபேஷனாக்கியது. அதே 1978-ல்தான் நம்ம ஊரில் பாரதிராஜா ‘சிகப்பு ரோஜாக்கள்’ எடுத்தார். ரெண்டு வருஷம் கழிச்சு பாலுமகேந்திராவோட ‘மூடுபனி’. ஆனா, அங்கே ‘ஹாலோவீன்’ 2022 வரைக்கும் 13 படமாகப் பெருகிச்சு. இங்கே ‘சிகப்பு ரோஜாக்கள்’ ஒரே படத்தோட நின்னுடுச்சு. நம்ம ஊரில் பாகம் பாகமாகப் பெருகினது சைக்கோ இல்ல, பேய்தான்.

ஏன்னா, ரெண்டும் வேற வேற ஜாதகம். ஸ்லாஷர் கொலைகாரனுக்குப் பெருசா நியாயம் எதுவும் தேவையில்ல. மைக்கேல் மையர்ஸ் ஏன் கொல்றான் என்று முதல் படத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் பயம். அவன் சாகவும் மாட்டான். சுட்டாலும் எரிச்சாலும் அடுத்த பாகத்தில் எந்திரிச்சு வருவான். சாகிறவங்கதான் படத்துக்குப் படம் மாறுவாங்க.

நம்ம பேய் அப்படி இல்ல. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கணக்கு தீர்ந்தால் அது அமைதியாயிடும். அதனால், அதே பேயை மறுபடி வில்லனைத் தேடி அலையவிட முடியாது. இரண்டாம் பாகம் எடுக்கணும்னா புதுப் பேய் வேணும், புதுக் கணக்கு வேணும். ஆக, லாரன்ஸ் சீரிஸில் நடந்தது ஸ்லாஷருக்கு நேர் எதிர். அங்கே கொலைகாரன் நிரந்தரம், மாட்டுறவங்க மாறுவாங்க. இங்கே மாட்டுற குடும்பம் நிரந்தரம், பேய்தான் மாறும். அம்மா இடுப்பில் ஏறி உட்காரும் ராகவாவும், அவரைத் தூக்கிக்கிட்டு ஓடும் கோவை சரளாவும்தான் நம்ம மைக்கேல் மையர்ஸ்!

அமெரிக்காக்காரங்க இதை ஒரு தடவை ட்ரை பண்ணி அடி வாங்கியிருக்காங்க. 1982-ல் வந்த ‘ஹாலோவீன் 3’யில் மைக்கேல் மையர்ஸே கிடையாது. அதே தலைப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு புதுக் கதை சொல்லலாம் என்பது அவங்க ஐடியா. ரசிகர்கள் கடுப்பாகிட்டாங்க. 1988-ல் நாலாம் பாகத்தோட தலைப்பிலேயே ‘மைக்கேல் மையர்ஸ் திரும்ப வர்றார்’ என்று அறிவிச்சுத்தான் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது. அங்கே எடுபடாத ஐடியா இங்கே எடுபட்டது. காரணம், நாம பேய்க்காக மட்டும் போகல, அந்தக் குடும்பத்துக்காகவும் போனோம்.

ஆனா, இதில் ஒரு ரிஸ்க் இருக்கு. சிரிப்பை அந்தக் குடும்பம் பார்த்துக்கும். பயத்தையும் கண்ணீரையும் ஒவ்வொரு தடவையும் புதுசா வர்ற பேய்தான் கொண்டு வரணும். அது வெறுங்கையோட வந்தால், படம் பாதிதான்.

பேய்க்கு ஒரு வழக்கு வேணும்

நம்ம ஊரில் பேய் என்பது வெறும் வில்லன் கிடையாது. அது நியாயம் கேட்டு வர்ற ஆள். செத்ததுக்கு அப்புறம்தான் அதோட வழக்கு விசாரணைக்கு வருது.

தொண்டை மண்டலத்திலேயே இதுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. திருவாலங்காடு பக்கம் பழையனூர் நீலி கதை. கணவனால் கொல்லப்பட்டவள், அடுத்த பிறவியில் அவனைத் தேடி வர்றாள். நேராப் போய் கழுத்தைப் பிடிக்கல. ஊர் சபையில் நின்னு, “இவர் என் கணவர், என்னை விட்டுட்டுப் போகப் பார்க்கிறார்” என்று அழுது வாதாடுறாள். ஊர்ப் பெரியவங்க நம்பி, அவனுக்கு எதுவும் ஆகாதுன்னு வாக்குக் கொடுத்து, அவளோட அனுப்பி வைக்கிறாங்க. அவன் சாகிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர்களும் தீயில் இறங்கினாங்க என்று கதை முடியுது. ‘நீலிக் கண்ணீர்’ங்கிற வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான்.

மதுரை வீரன், காத்தவராயன் என்று நாம கும்பிடுற சாமிகளில் பலரும் கொடூரமான தண்டனைக்கு ஆளான மனுஷங்கதான். அநியாயமா செத்தவங்களை மறந்துட்டா ஊருக்கு ஆகாது என்பது நம்ம நம்பிக்கை. அதனால்தான் ‘காஞ்சனா’வில் பேய் வில்லனை அடிக்கும்போது தியேட்டரில் யாரும் பயப்படல. விசில்தான் அடிச்சாங்க. இருட்டில் கொலுசு சத்தம் கேட்டப்போ பயந்த அதே கூட்டம், ஃபிளாஷ்பேக் முடிஞ்சதும் பேய் பக்கம் கட்சி மாறிடுச்சு. தமிழ்ப் பேய்ப் படத்தோட மேஜிக்கே இந்தக் கட்சி மாறல்தான்!

அது நடக்கணும்னா பேயோட வழக்கு உண்மையா இருக்கணும். நம்ம தெருவில் நடந்த மாதிரி இருக்கணும்.

பெரியப்பா ஏன் அழுதார்?

திருவிடந்தை தெரியாதவங்களுக்கு: சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டினதும் வர்ற ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இங்கேதான். ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், சவுக்குத் தோப்பு. இப்போ அந்தத் தோப்புகளில் பல இடங்களில் உயரமான காம்பவுண்டு சுவர், பெரிய கேட், நாய் ஜாக்கிரதை போர்டு.

பெரியப்பாவோட அப்பாவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. சவுக்கும் வேர்க்கடலையும். ஈ.சி.ஆர் இவ்வளவு அகலமாகறதுக்கு முன்னாடி ஒரு புரோக்கர் வந்தார். அட்வான்ஸ் கொடுத்தார். மீதிப் பணம் ‘ரிஜிஸ்டர் ஆனதும்’ என்றார். கைநாட்டு வாங்கினார். மீதி வரவே இல்ல. கோர்ட்டுக்குப் போக காசும் இல்ல, தைரியமும் இல்ல. பெரியப்பா சின்ன வயசில் தண்ணி இறைச்ச கிணறு இப்போ ஒரு பங்களா காம்பவுண்டுக்குள்ள இருக்கு. அதுக்கு நாலு பங்களா தள்ளித்தான் அவர் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்.

2011-ல் ‘காஞ்சனா’ வந்த அதே வருஷம்தான், நில அபகரிப்புப் புகார்களை விசாரிக்கவே தமிழ்நாட்டுப் போலீஸில் தனிப் பிரிவு அமைச்சாங்க. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே பார்த்தாலும் பட்டா, பத்திரம், போலி டாக்குமென்ட் பேச்சுதான். அந்த நேரத்தில் திரையில் ஒரு திருநங்கை, தான் காசு சேர்த்து வாங்கின நிலத்தைக் கேட்டு ஒரு எம்.எல்.ஏ வீட்டு வாசலில் நிக்கிறார். அடிச்சுக் கொன்னு அந்த மண்ணுக்குள்ளேயே புதைச்சுடறாங்க.

பெரியப்பா அழுதது பேய்க்காக இல்ல. வாசலில் நின்ன அந்த ஆளுக்காக. அவங்கப்பா எந்த வாசலிலும் போய் நிக்கல. காஞ்சனா போய் நின்னாங்க.

கடற்கரை பங்களாவில் பேய்... எங்க ஊர்ல சிரிச்சாங்க!

‘காஞ்சனா 2’ எங்க பக்கத்தில் ஒரு தனி ஜாலி. கடற்கரை பங்களா, உள்ளே பேய் என்றதும் ஈ.சி.ஆர் வாட்ச்மேன்கள் எல்லாம் நக்கலடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. “பேயாவது ஒரு பங்களாவுல ஒழுங்கா வருஷம் பூரா தங்குது. ஓனரு ரெண்டு நாளுதான் தங்குறாரு” என்பது பெரியப்பா கமென்ட். உண்மையில் அவங்க ராத்திரியில் பயப்படுறது பாம்புக்கும், குடிச்சுட்டுக் கத்துற கெஸ்ட்டுக்கும்தான்.

பயம் பாதியா குறைஞ்சாலும் அந்தப் படத்தில் உயிர் இருந்தது. அதுக்குக் காரணம் நித்யா மேனனோட கங்கா. கால் குறையை மட்டுமே ஊர் பார்க்க, தன்னை ஒரு முழு மனுஷியா நடத்தச் சொல்லி நிமிர்ந்து நிக்கிற பெண். மணலில் புதைஞ்ச தாலி, கல்யாணத்துக்குப் பேர்போன எங்க ஊர்க்காரங்களுக்குச் சட்டுன்னு உறைச்சது. ஆனா, கூர்ந்து பார்த்தால் சறுக்கல் இங்கேயே ஆரம்பிச்சிருக்கும். அந்த ஃபிளாஷ்பேக்கில் கங்கா மட்டும் இல்ல, மொட்டை சிவாவாக லாரன்ஸும் வந்துட்டார். வழக்கில் வாதியோட ஹீரோவும் ஒரு பங்கு கேட்க ஆரம்பிச்சாச்சு.

‘காஞ்சனா 3’ல் என்னதான் ஆச்சு?

நாலு படத்தையும் வரிசையா வெச்சுப் பாருங்க. முனியில் பேய் ராஜ்கிரண். காஞ்சனாவில் சரத்குமார். இரண்டாம் பாகத்தில் நித்யா மேனனும் பாதி லாரன்ஸும். மூன்றாம் பாகத்தில் முழுக்க லாரன்ஸ். அதாவது, ஆரம்பத்தில் பேய் ஹீரோவுக்குள்ள புகுந்தது. போகப் போக ஹீரோ பேய்க்குள்ள புகுந்துட்டார்!

இது வெறும் காஸ்ட்டிங் மேட்டர் இல்ல. ராஜ்கிரண் ஆவி உள்ளே வந்ததும் லாரன்ஸோட நடை மாறும், குரல் மாறும், சாப்பாடு மாறும். சரத்குமார் ஆவி வந்ததும் புடவை, வளையல், கண்ணாடி முன்னாடி உட்கார்ற தோரணை என்று உடம்பே மாறும். நமக்குத் தெரிஞ்ச பையனுக்குள்ள நமக்குத் தெரியாத ஒருத்தர் வந்து உட்கார்ந்துட்டாங்களே என்பதுதான் அந்தக் காட்சிகளோட திகிலும் சிரிப்பும். லாரன்ஸுக்குள்ள லாரன்ஸே வந்தால்? மாறுறதுக்கு என்ன இருக்கு? மேக்கப்பும் சவுண்டும்தான்.

அடுத்து, வழக்கு. காளி ரொம்ப நல்லவர், அனாதைகளுக்குத் தெய்வம், பத்து பேரைத் தூக்கி அடிக்கிற பலசாலி. எல்லாம் சரி. ஆனா, முனியாண்டியும் காஞ்சனாவும் கங்காவும் உயிரோட இருந்தப்போ ஜெயிக்க வழியே இல்லாதவங்க. ஏழை, திருநங்கை, மாற்றுத்திறனாளி. போலீஸும் கோர்ட்டும் ஊரும் காது கொடுக்காததால்தான் அவங்க பேயா வர வேண்டியிருந்தது. காளிக்கு இன்ட்ரோ சாங் இருக்கு, ஸ்லோமோஷன் இருக்கு, பின்னாடி கூட்டம் இருக்கு. உயிரோட இருக்கும்போதே மாஸ் ஹீரோவா இருந்தவர், செத்த பிறகும் மாஸ் ஹீரோவா வர்றார். நாம கட்சி மாற அங்கே இடமே இல்ல. முதல் சீனிலிருந்தே அவர் கட்சியில்தான் உட்கார வைக்கிறாங்க.

மூணாவது, நேரம். ஓவியா, வேதிகா, நிக்கி தம்போலி என்று மூணு முறைப்பெண்கள் ராகவாவைச் சுத்தி வர்ற காமெடியே முதல் பாதியை முழுங்கிடுது. அதிலும் பல ஜோக்குகள் குழந்தைகளைக் கூட்டிட்டு வந்த அப்பா அம்மாவை நெளிய வெச்ச ரகம். பேய் மேலே ஒரு பாசம் வர்றதுக்கு முன்னாடியே கடிகாரம் ரொம்ப தூரம் ஓடிடுது.

நாலாவது, சத்தம். மேஜைக்கு அடியில் குண்டு இருக்குன்னு ஆடியன்ஸுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா கால் மணி நேரம் சஸ்பென்ஸ், தெரியாம வெடிச்சா சில நொடி அதிர்ச்சி மட்டும்தான் என்று ஹிட்ச்காக் சொன்னது சினிமா பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். ‘காஞ்சனா’வில் குண்டு மேஜைக்கு அடியில் இருந்தது. ஸ்டம்ப்பில் ரத்தம் இருக்குன்னு நமக்குத் தெரியும், வீட்டில் யாருக்கும் தெரியாது. ‘காஞ்சனா 3’ல் பட்டாசுக் கடையே வெடிக்குது. திடும் திடும்னு கேட்டுக்கிட்டே இருந்தால் காது பழகிடும். பழகினால் தூக்கம் வரும். பெரியப்பா மேல தப்பே இல்ல!

பேர் மட்டும் மிஞ்சினால்...

இன்னொரு ஏமாற்றம் கொஞ்சம் ஆழமானது. தமிழ் சினிமாவில் திருநங்கைகள் என்றால் ரொம்ப காலம் கேலி சீனுக்குத்தான். ‘காஞ்சனா’வும் முழுசா சுத்தம் என்று சொல்ல முடியாது. திருநங்கை பாத்திரத்தில் நடிச்சது ஒரு ஆண் நடிகர். ஹீரோவோட பெண் நளினத்தை வெச்சு சிரிக்க வைக்கிற சீன்களும் இருந்தது. ஆனாலும், ஒரு ஸ்டார் அந்த வேஷத்தை கம்பீரமா ஏத்துக்கிட்டதும், படத்தோட தலைப்பே ஒரு திருநங்கையோட பேரா இருந்ததும் பெரிய விஷயம்.

அந்தப் பேர் ஹிட் ஆனதும் என்ன ஆச்சு? ‘முனி’ங்கிற பேர் பின்னாடி போச்சு, ‘காஞ்சனா’ பிராண்டு ஆச்சு. ஆனா, இரண்டிலும் மூன்றிலும் காஞ்சனாவோட கதை இல்ல. தலைப்பில் திருநங்கை, கதையில் வேற யாரோ. மைக்கேல் மையர்ஸ் இல்லாத ‘ஹாலோவீன் 3’க்கு அமெரிக்க ரசிகன் கோபப்பட்டான். காஞ்சனா இல்லாத ‘காஞ்சனா’வை நாம கவனிக்கவே இல்ல. 2020-ல் லாரன்ஸே இந்தியில் அக்‌ஷய் குமாரை வெச்சு ‘லக்ஷ்மி’யாக ரீமேக் பண்ணினார். ஹாட்ஸ்டாரில் வந்த அந்தப் படமும் பெரிசா எடுபடல. ஆனா, அதிலும் திருநங்கையாக வந்த ஷரத் கேல்கரோட ஃபிளாஷ்பேக் பகுதி மட்டும் பாராட்டு வாங்கிச்சு. சத்தத்துக்கு நடுவுல எந்தப் பகுதி உண்மையோ, அது எந்த மொழியிலும் தப்பிச்சுடுது.

அப்போ சீக்வெலே எடுக்கக் கூடாதா?

அப்படிச் சொன்னா எங்க ஊர்ப் பெருமாளே கோவிச்சுப்பார். காலவ ரிஷியோட 360 பெண்களையும் தினம் ஒருத்தராகக் கல்யாணம் பண்ணிக்கிட்டார் என்பதுதான் திருவிடந்தை தல புராணம். அதனால்தான் நித்ய கல்யாணப் பெருமாள். தினமும் அதே மாப்பிள்ளை, அதே மண்டபம், அதே கல்யாணம். உலகத்திலேயே அதிக சீக்வெல் வந்த கதை இதுவாத்தான் இருக்கும். இன்னும் கூட்டம் குறையல!

ஏன் போரடிக்கல? கோயிலுக்கு வர்றவங்களைப் பாருங்க. கல்யாணம் தள்ளிப்போறவங்க மாலையோட வருவாங்க. பெருமாளுக்குச் சாத்தித் தர்ற மாலையைக் கழுத்தில் போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்துவாங்க. அந்த மாலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பத்திரமா வெச்சிருப்பாங்க. கல்யாணம் ஆனதும் ஜோடியா, அந்தக் காய்ஞ்ச மாலையோட திரும்ப வருவாங்க. சடங்கு அதேதான். ஆனா, ஒவ்வொரு தடவையும் வர்ற ஆளோட கவலை புதுசு, நிஜம். திரும்பி வரும்போது பழைய மாலையையும் மறக்காம கொண்டு வர்றாங்க.

நல்ல சீக்வெலுக்கும் இந்த ரெண்டும்தான் தேவை. புதுசா ஒரு நிஜக் கவலை, இல்லைன்னா பழைய மாலை.

உதாரணத்துக்கு ‘டிமான்ட்டி காலனி’. சென்னை ஆழ்வார்பேட்டையில் நிஜமாவே இருக்கிற தெரு, அதைச் சுத்தி ஊர் பேசின பேய்க் கதை. அஜய் ஞானமுத்து 2015-ல் படமாக்கினார். இரண்டாம் பாகம் வந்தது 2024 ஆகஸ்ட் 15-ல். ஒன்பது வருஷ இடைவெளி. ஆனா, முதல் பாகத்தில் நடந்ததை மறக்கல. அந்த ராத்திரியோட முடிச்சிலிருந்தே புதுக் கதையை இழுத்துட்டுப் போச்சு. பழைய மாலை கையில் இருந்தது. ரசிகர்களும் சேர்ந்து வந்தாங்க.

சுந்தர்.சி-யோட ‘அரண்மனை’யும் அப்படித்தான். 2021-ல் வந்த மூன்றாம் பாகம் அரைச்ச மாவையே அரைச்சதுன்னு பேர் வாங்கிச்சு. 2024-ல் நாலாம் பாகத்தில் பிள்ளைகளைக் காப்பாத்தத் துடிக்கிற ஒரு அம்மாவாக தமன்னாவைக் கொண்டு வந்தாங்க. டெம்ப்ளேட் அதேதான், ஆனா அந்த அம்மாவோட தவிப்பு வேலை செஞ்சது. சீரிஸ் மறுபடி எழுந்து நின்னுச்சு.

ஆக, நாலாவது, அஞ்சாவது பாகம் எடுக்கிறது பிரச்னையே இல்ல. அடுத்த பேய்ப் பட சீக்வெலுக்கு டிக்கெட் புக் பண்ணும்போது டிரெய்லரில் கிராஃபிக்ஸைப் பார்க்காதீங்க, மூணு விஷயம் தேடுங்க. இந்தப் பேய்க்கு என்ன வழக்கு? உயிரோட இருந்தப்போ இவங்க சொன்னதை யார் கேட்கல? ஹீரோவை எடுத்துட்டாலும் அந்தக் கதை நிக்குமா? மூணுக்கும் பதில் இருந்தால் தைரியமா போங்க. பயமும் வரும், கண்ணீரும் வரும்.

க்ளைமாக்ஸ்

‘காஞ்சனா 4’ வேலைகள் நடக்குதுன்னு செய்தி வந்ததும் பெரியப்பாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். நைட் டியூட்டியில் இருந்தார். பின்னாடி அலைச் சத்தம் கேட்டுச்சு.

“பூஜா ஹெக்டே நடிக்கிறாங்களாம் பெரியப்பா. செலவு முன்னையவிட பயங்கரமாம்.”

“அதெல்லாம் இருக்கட்டும்டா. இந்த வாட்டி பேயி யாரு?”

“தெரியல பெரியப்பா. இன்னும் சொல்லல.”

“அது தெரிஞ்சதும் சொல்லு. நம்மள மாரி ஆளா இருந்தா, டியூட்டி மாத்திக்கினு வரேன்.”